ஊதா நிற்கும் தண்ணீர்

விருத்தாசலம் தெற்கு வீதியில் 'இஞ்ஞாசி போட்டோ ஸ்டுடியோ' என்று ஒரு போர்டு தொங்கியது. படம் பிடிப்பவர் இஞ்ஞாசி. "சிரிங்க... அய்ய, அவ்ளோ சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேரை அட்டையில் ஏற்றியவர். ஆனால் இருட்டறையிலிருந்து வருகிற படத்தை வாங்கி, தண்ணீரில் அலசி, காய வைத்து, ஓரம் வெட்டிக் கவரில் போட்டுக் கொடுப்பது அவர் பெண்டாட்டி அன்னாள். அவள் பேர் போர்டில் இல்லை. அதில் அவளுக்கு வருத்தமே கிடையாது என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய்.

அலசுவதில் அவளை மிஞ்ச ஆள் பிறக்கவில்லை. ஆறு தண்ணீர். ஐந்தோடு நிறுத்தினால் அவளுக்குச் சோறு இறங்காது. கொல்லைக் கிணற்றில் இறைத்துப் பெரிய பீங்கான் ஜாடியை நிரப்பிப் படங்களைப் போடுவாள். அரை மணிக்கு ஒரு தரம் கொட்டி மாற்றுவாள். கடைசித் தண்ணீரில் மட்டும் இரண்டு மணி நேரம் ஊறவிடுவாள். "போதும் அன்னா, படம் கரஞ்சிடப் போவுது" என்பார் இஞ்ஞாசி. "படம் கரையாது, நீங்க போயி வேலையப் பாருங்க" என்பாள் அவள். அந்த வாயை வைத்துக்கொண்டுதான் பின்னால் அவள் அழ வேண்டியிருந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம், கம்மாபுரம் பக்கத்திலிருந்து கமலம் என்கிற பெண் இடுப்பில் குழந்தையோடு பஸ் இறங்கி வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். நெற்றியில் பொட்டில்லை. மடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, இது நீங்க குடுத்த படம்."

பின்பக்கம் இஞ்ஞாசியின் ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. 1969. அன்னாள் திருப்பிப் பார்த்தாள். முடி இருந்தது. மீசை இருந்தது. சட்டைக் காலர் ஒரு கோடாகத் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுத்த வெற்றிலை நிறத்தில் ஒரு கறை.

"பொண்ணு வூட்டுக்குக் காட்டன்னு எடுத்த படம். இதப் பாத்துதான் நான் சரின்னு சொன்னேன். மறு வருசமே மல்லாட்ட கொல்லையில கடலச்செடி புடுங்கயில பாம்பு கடிச்சுப் போயிட்டாரு. அப்ப இது வவுத்துல." குழந்தையைக் காட்டினாள். ஆதிலட்சுமி என்று பேர். "இந்தப் படத்த வுட்டா அவுரு மொகம் வேற எங்கியும் இல்லக்கா."

"எப்பத்திலேருந்து இப்படி ஆவுது?"

"ஒரு வருசமா கொஞ்சங் கொஞ்சமா. இது தெனமும் அப்பா அப்பான்னு தொட்டுத் தொட்டுப் பாக்கும். என் மாமியா சொல்லுது, வவுத்துல இருக்கயிலயே அப்பனத் தின்னுச்சு, இப்ப படத்தையும் தின்னுதுன்னு. புள்ளயக் கண்டா தள்ளிப் போவுது. ஒரு நாளு தாங்காம நான் மணவாளநல்லூரு போயி கொளஞ்சியப்பருகிட்ட பிராது கட்டிப்புட்டேன்."

அன்னாள் படத்தைத் திரும்ப மேசைமேல் வைத்தாள். அவள் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் இந்த ஊரில் பிறந்தவள். களவு போனவனும் ஏமாந்தவனும் ஒரு தாளில் தன் வழக்கை எழுதிக் கொளஞ்சியப்பர் கோயில் வேலில் கட்டிவிட்டு வருவதும், மூன்று மாதத்துக்குள் குற்றம் செய்தவன் தானாக வந்து நிற்பதும் அவள் கேட்டு வளர்ந்த சங்கதி. எந்த சாமியைக் கும்பிடுகிறவனுக்கும் இங்கே பிராது என்றால் பயந்தான்.

"எங்க மேலயா கட்டின?"

"பேரு எழுதல. 'எம் புருசன் மொகத்த ஆரு அழிச்சாங்களோ அவங்கள நீயே கேளு'ன்னு எழுதினேன். கட்டிட்டு வெளிய வந்து செருப்பு மாட்டயிலதான் ஒறச்சுது. ஒருவேள மாமியா சொல்றது நெசமா இருந்தா? நானே எம்புள்ள மேல பிராது கட்டிப்புட்டேனாக்கா?" குழந்தையை இறக்கித் தரையில் நிறுத்தினாள். "ராஜினாமா எழுதிக் குடுத்துப் பிராதத் திருப்பி வாங்கிடறேன்னா மாமியா வுட மாட்டேங்குது. ஆருன்னு தெரியட்டும், அதுக்கு அப்பறம் வாங்குங்குது. ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. இன்னும் ஒரு மாசந்தான் இருக்குது."

குழந்தை மேசையைப் பிடித்துக்கொண்டு எட்டி, கறையின்மேல் விரலை வைத்தது. கமலம் வெடுக்கென்று அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தட்டிவிட்டுத் தானே அழுதாள்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த இஞ்ஞாசிக்கு மூக்குக்கு மேல் கோபம். குழந்தையை நினைத்து இல்லை. தன் ஹைப்போவை நினைத்து. ஹைப்போ என்பது படத்தை நிலைக்க வைக்கிற உப்புத் தண்ணீர். வெளிச்சம் படாத இடத்து மருந்தையெல்லாம் அது கரைத்து எடுத்துவிடும். பலம் தீர்ந்த பழைய ஹைப்போவில் படத்தை முக்கினால் பின்னால் கறை விழும் என்று தொழில் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். "இன்னிக்கி வரைக்கும் நான் பழசுல முக்குனதில்ல. இதுக்கு முன்னாடி மூணு பேரு இப்படித்தான் வந்தாங்க. வெயில்ல மாட்டி வெச்சிருப்பீங்கன்னு சொல்லி அனுப்புனேன்" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. நான்கு பேர் வீட்டிலுமா வெயில்?

கமலத்தை அனுப்பிவிட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து அவள் புருஷன் மாயவனின் பிலிமைத் தேடி எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பிலிமும் பழுத்துப்போச்சு அன்னா. பிலிமுல மொகம் கறுப்பாத்தான் இருக்கணும், இதுல மஞ்சளா இருக்குது. எதனால போவுதுன்னு தெரியாம இன்னொரு காப்பி போட்டா அதுவும் போவும். அடுத்த தரம் போட பிலிம் இருக்காது."

அந்த ஆள் செத்தது ஒரு தரம். இப்போது தங்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் இரண்டாம் தரம் செத்துக்கொண்டிருக்கிறான் என்று அன்னாளுக்குப் பட்டது. அன்றைக்கு அடுப்பு மூட்ட மனம் வரவில்லை.

மறுநாள் காலை கோதண்டபாணி வந்தார். ஊருக்கு வெளியே ஒரு பீங்கான் சூளையில் பூச்சு கலக்குகிறவர், ரசாயனம் படித்தவர். தன் பாஸ்போர்ட் படத்தை வாங்க வந்தவரை அன்னாள் விடவில்லை. கம்பெனி ஏஜெண்டு எப்போதோ கொடுத்துவிட்டுப் போன சின்னப் பழுப்பு பாட்டிலையும் இங்கிலீஷ் தாளையும் அலமாரி மூலையிலிருந்து எடுத்து நீட்டினாள். "சார், இது ஹைப்போவுக்குப் பரிச்சை வெக்கிற மருந்துன்னு சொன்னான். நாங்க தெறக்கவே இல்ல."

கோதண்டபாணி தாளைப் படித்தார். "பொட்டாசியம் அயோடைடு. ரெண்டு கண்ணாடி டம்ளர் குடும்மா."

ஒன்றில் இஞ்ஞாசி உபயோகத்தில் வைத்திருந்த ஹைப்போ. இன்னொன்றில் கொட்டுவதற்காக ஒதுக்கிய பழையது. முதல் டம்ளரில் சில சொட்டு விட்டதும் லேசாய் ஒரு மஞ்சள் புகை கிளம்பியது. ஆட்டினார், கரைந்து தெளிந்துவிட்டது. இரண்டாவதில் விட்டார். தண்ணீர் மாதிரி இருந்தது அப்படியே திரண்டு மஞ்சள் பாலாக மாறி, ஆட்டினாலும் அசைத்தாலும் கலையாமல் நின்றது.

"அடேயப்பா!" என்றாள் அன்னாள்.

"இதெல்லாம் வெள்ளிம்மா. படத்துலேருந்து கரைஞ்சு வந்த வெள்ளி. இது நிக்குதுன்னா ஹைப்போவுக்கு இனிமே தாங்காதுன்னு அர்த்தம். மொத டம்ளர்ல தெளிஞ்சிடுச்சு பாரு, அது நல்லாத்தான் இருக்குது. ஒம் புருசன் மேல குத்தம் இல்ல."

அன்னாள் டம்ளரையே பார்த்தாள். எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகள்! இவர்கள் எல்லாரையும் சுற்றியிருந்து, முகமாக ஆகாமல் போன வெள்ளி முழுக்க இதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்திருக்கிறது. இத்தனை நாளும் இதைத்தானே வாளி வாளியாகக் கொல்லையில் கொட்டினாள்! அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"பாத்துக்க, நான் சுத்தம்" என்று நெஞ்சை நிமிர்த்தினார் இஞ்ஞாசி.

"அப்ப அலசறதுலதான் இருக்கணும்" என்றார் கோதண்டபாணி, தாளைத் திருப்பிக்கொண்டே. "ஹைப்போ கொஞ்சம் தங்கிட்டாலும் அதே நாளாவட்டத்துல படத்தத் தின்னுடும். தண்ணியில ஹைப்போ இருக்குதான்னு பாக்க பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு வேணும்னு போட்டிருக்குது. ஊதாவா இருக்கும்."

"கெணத்து மருந்தா? அது வூட்டுலயே இருக்குது. காலரா வந்தப்ப முனிசிபாலிடில குடுத்தாங்க." அன்னாள் ஓடிப் போய் எடுத்துவந்தாள். அலசல் தன் பொறுப்பு. அதில் குறை என்றால் அவளுக்குச் சுருக்கென்றது. "ஆறு தண்ணி சார். எண்ணி ஆறு."

கிணற்றிலிருந்து அப்போதுதான் இறைத்த தண்ணீரில் ஒரு டம்ளர். ஊதாச் சொட்டு விழுந்தது. நூல் நூலாய் இறங்கி, பரவி, கத்தரிப்பூ நிறத்தில் நின்றது. நின்றபடியே இருந்தது.

ஜாடியில் நேற்றுப் படங்கள் கடைசியாக ஊறிய ஆறாம் தண்ணீரில் ஒரு டம்ளர். அதே சொட்டு விழுந்தது. ஊதா மங்கியது. பழுப்பானது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றுமில்லாமல் போனது. இன்னொரு சொட்டு விட்டார். அதுவும் போனது.

"சேசு மரி சூசையே!" அன்னாள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு நிறம் கண்ணெதிரே செத்துப்போவதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகுதான் அவளுக்கு மூளை வேலை செய்தது. ஜாடியை நன்றாகக் கழுவினாள். படம் எதுவும் போடாமல், வெறும் கிணற்றுத் தண்ணீரை மட்டும் ஊற்றி மூடினாள். "மத்தியானம் சாப்புட்டு வாங்க சார்" என்றாள்.

மத்தியானம் அந்தத் தண்ணீரும் ஊதாவைத் தின்றது. படமே இல்லாத தண்ணீர்!

"அதே கெணறு. அதே வாளி. நடுவுல ஜாடிதான் இருக்குது" என்றாள் அன்னாள், மெதுவாக.

"பைத்தியமா? பீங்கான்ல என்னா ஒட்டும்?" என்றார் இஞ்ஞாசி. ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லும். ஊறுகாயும் புளியும் வருஷக் கணக்கில் இருக்கிற பாத்திரம். பீங்கான் எதையும் குடிக்காது என்பதில்தான் இந்த ஊரே பிழைக்கிறது.

கோதண்டபாணி தண்ணீரைக் கொட்டினார். ஜாடியைக் கவிழ்த்தார். கழிவென்று சூளையில் ஒதுக்கி மலிவாக வந்த ஜாடி அது. உள்பக்கப் பூச்சில் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள் ஓடியிருந்தன. அடியில் பூச்சில்லாத விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு, சூளைக்காரர்கள் எல்லாரும் செய்கிற மாதிரி குனிந்து நாக்கை வைத்தார். வேகாத மண்ணாக இருந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதுதான் அவர்கள் பரீட்சை. நாக்கு ஒட்டியது. பிய்த்து எடுத்துத் தூவென்று துப்பினார்.

"சரியா வேகாத மண்ணு. குடிச்சிருக்குது. குடிச்சது ஒங்க ஹைப்போவத்தான், உப்புக் கரிக்குது. மேல பூச்சு வெடிச்சிருக்குது பாரு, அது வழியா மொதத் தண்ணியில குடிக்கும், கடைசித் தண்ணியில கக்கும். நீ ரெண்டு மணி நேரம் ஊற வெக்கிறியே, அப்ப நல்லா கக்கும். இது அலசற ஜாடி ஆவறதுக்கு முன்னாடி என்னாவா இருந்துச்சு?"

அன்னாள் ஜாடியைத் தொட்டுப் பார்த்தாள். ஐந்து வருஷம் அது ஹைப்போ கரைத்து வைக்கிற ஜாடியாக இருந்தது. அறுபத்தெட்டுக் கடைசியில் கண்ணாடி ஜாடி வந்ததும், நல்ல பாத்திரம் வீணாகக் கிடக்கிறதே என்று அவள்தான் எடுத்தாள். புளி போட்டு ஏழு தரம் தேய்த்து, சுத்தம் என்று மெச்சிக்கொண்டாள். அடுத்த இரண்டு மாதத்தில் மாயவனின் பிலிமும் படமும் அதில் ஊறின. அவள் எவ்வளவு அக்கறையாக ஊறவிட்டாளோ அவ்வளவுக்கு அவன் முகம் விஷம் குடித்தது. பேர் எழுதாமல் வேலில் கட்டிய தாள் கம்மாபுரம் போய்த் தேடிவிட்டுத் தெற்கு வீதியில் தன் வீட்டுக் கொல்லைக்கே வந்து நிற்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பயமாக இருந்தது. பயத்தை விட, இவ்வளவு சரியாக வந்துவிட்டதே என்ற பிரமிப்பு பெரிதாக இருந்தது.

கோதண்டபாணி போனதும் இஞ்ஞாசி தணிந்த குரலில் சொன்னார்: "ஜாடிய ஒடச்சி ஆத்துல போட்டுடலாம். காப்பி வந்தா பேசாம குடுத்து அனுப்பிடலாம். ஊருல தெரிஞ்சா ஒருத்தன் வர மாட்டான்."

"அந்தப் பச்சப் புள்ள தலையில நிக்குதுங்க பிராது. நான் பேசாம இருந்தா அது அங்கியேதான் நிக்கும்." அன்னாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கார்டு எடுத்தாள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிக் கமலத்துக்கு எழுதினாள். இஞ்ஞாசி ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் தானே பெரிய எனாமல் பேசின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வைத்தார்.

அவர்கள் வருவதாகச் சொன்ன நாள் காலையில் காப்பி போட்டார்கள். பிலிமை எனாமல் பேசினில் ஊற வைத்து, ஊதா நிற்கும் வரைக்கும் தண்ணீர் மாற்றியிருந்தாள் அன்னாள். ஆறோடு நிற்கவில்லை, பத்தொன்பது ஆனது. அவள் சிவப்பு விளக்கடியில் கைகட்டி நின்றாள். இஞ்ஞாசி காகிதத்தின்மேல் பிலிமை வைத்து வெளிச்சம் காட்டி, மருந்துத் தட்டில் போட்டார். மஞ்சளாய்ப் பழுத்த பிலிமில் என்ன வரும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை.

முதலில் முடி வந்தது. மீசை வந்தது. பிறகு நெற்றி. பிறகு, யாரோ தண்ணீருக்கடியிலிருந்து எழுந்து வருகிற மாதிரி, இரண்டு கண்கள் வந்தன.

"மாதாவே!" என்றார் இஞ்ஞாசி. "நம்ம கண்ணுக்குத்தான் மஞ்சளு வெளுப்பு. இந்தக் காயிதத்துக்கு மஞ்சளுன்னா கறுப்பு மாதிரி! நாம போச்சுன்னு நெனச்சதெல்லாம் அதுக்குத் தெரியுது அன்னா!" முப்பது வருஷமாகக் கையாண்ட காகிதத்தை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்க்கிறவர் போல அவர் குனிந்து பார்த்தார். கன்னத்தில் கொஞ்சம் வெளுப்பு மிச்சம் இருந்தது. ஆனால் அது முகம். பெண் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளையின் கூச்சம் கூட அதில் இருந்தது. அன்னாள் முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு அழுதாள்.

பகல் பஸ்ஸில் வந்தார்கள். மாமியார் மாரியம்மாள் ஒல்லியான, விறைப்பான மனுஷி. குழந்தை கமலத்தின் இடுப்பில் பொரி உருண்டை தின்றுகொண்டிருந்தது. மாரியம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. படம் கொல்லையில் எனாமல் பேசினில் கடைசித் தண்ணீரில் கிடந்தது.

அன்னாள் சுற்றி வளைக்கவில்லை. "பிராதுல பேரு எழுதணும்னா எம்பேர எழுதிக்கங்க. ஒங்க மகன் மொகத்த அழிச்சது எங்க ஜாடி. அத எடுத்து வெச்சது நானு." ஜாடித் தண்ணீர் ஒரு டம்ளர், பேசின் தண்ணீர் ஒரு டம்ளர். இரண்டிலும் சொட்டு விட்டாள். ஒன்றில் ஊதா செத்தது. ஒன்றில் நின்றது. "இது நிக்கிற தண்ணியில அலசுனா படம் நிக்கும்."

கமலம் மூச்சுவிடாமல் பார்த்தாள். மாரியம்மாள் இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் ஆச்சரியம்தான், மறைக்க முடியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

"ஜாடி கெடுத்துச்சு, செரி. புள்ள கெடுக்கலன்னு எப்படித் தெரியும்? இந்தத் தண்ணியில அது கை படலியே."

மாரியம்மாளே குழந்தையின் கையைப் பிடித்தாள். அதைத் தொட்டு எத்தனை நாளாயிற்றோ! பேசின் தண்ணீரில் மணிக்கட்டு வரைக்கும் அமிழ்த்தி, கலக்கி எடுத்தாள். "இப்ப வுடு" என்றாள்.

அன்னாள் அந்தக் கையைப் பார்த்தாள். குழந்தையின் விரலெல்லாம் வெல்லம். வெல்லத்துக்கு ஊதா என்ன செய்யும் என்று கோதண்டபாணி சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மாட்டேன் என்றால் குழந்தைக்குக் குற்றம் நிச்சயமாகிவிடும். டம்ளரில் மொண்டாள். பாட்டிலைச் சாய்த்ததில் சொட்டு இரண்டாக விழுந்தது.

நூல் நூலாய் இறங்கியது. பரவியது. நான்கு பெரியவர்களும் குனிந்து நின்றார்கள். கிணற்றடியில் ஒரு காக்கை கத்திவிட்டுப் போனது. எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. வெயில் டம்ளருக்குள் புகுந்து சுவரில் ஊதாவாக ஒரு வட்டம் போட்டது. குழந்தை அதைப் பிடிக்கக் கை நீட்டிச் சிரித்தது.

ஊதா நின்றது.

மாரியம்மாள் நிமிரவில்லை. தோள் மட்டும் ஒரு தரம் குலுங்கியது. பிறகு கமலத்தின் இடுப்பிலிருந்து பேத்தியை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். பேசினருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தண்ணீருக்குள்ளிருந்து அவள் மகன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கே போயி ராஜினாமா எழுதிக் குடுத்துடுடி கமலம்" என்றாள். "ஆரு பேரும் போட வேணாம். போட்டா மொதல்ல எம்பேரத்தான் போடணும்."

சொல்லிவிட்டு அந்தச் சின்ன விரலைப் பிடித்துப் படத்தின் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். ஈரப் படத்தை விரலால் தொட்டால் அதன் மேல்தோல் உரிந்துவிடும். சொந்தப் பெண்டாட்டியைக் கூட இஞ்ஞாசி ஓரத்தைத் தவிர வேறெங்கும் தொடவிட்டதில்லை. அவர் வாயைத் திறந்தார். அன்னாள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"ஒங்கப்பன்டி" என்றாள் மாரியம்மாள். "நல்லாத் தொட்டுப் பாரு. போவாது."